ரத்தம் ஜோசியம் சொல்லுமா?

சார்கோய்டோசிஸ். பேரைக் கேட்டா ஏதோ டைனோசர் வகை மாதிரி இருக்குல்ல? :-) நம்ம எதிர்ப்பு செல்கள் கும்பல் கூடி, கிரானுலோமாங்கிற குட்டிக் குட்டி முடிச்சுகளாக உட்கார்ந்துகொள்ளும் வியாதி இது. பெரும்பாலும் நுரையீரல்ல. 1899ல் நார்வே தோல் மருத்துவர் சீசர் போக், பார்க்க சார்கோமா புற்று மாதிரி இருக்கேன்னு 'சார்காய்டு'ன்னு பேர் வச்சார். ஆனா இது புற்று இல்லை.

சிக்கல் என்னன்னா, நிறைய பேருக்கு ரெண்டு மூணு வருஷத்துல தானா சரியாயிடும். சிலருக்கு நுரையீரல் தழும்பாகி மூச்சே பிரச்சினையாயிடும். முதல் நாள் ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருக்கலாம். ஸ்டீராய்டு கொடுத்தா முடிச்சு சுருங்கும். கூடவே எடை ஏறும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். தானா குணமாகப் போறவருக்கு இது வீண் தண்டனை. அப்போ யாருக்குக் கொடுக்கிறது?

1961ல் இங்கிலாந்தின் ஸ்கேடிங், எக்ஸ்ரேயை வச்சு நோயாளிகளை வகை பிரிச்சார். நெறிக்கட்டி மட்டும் வீங்கியிருந்தா நல்ல வாய்ப்பு, தழும்பு விழுந்திருந்தா கஷ்டம். ஓரளவுக்குத்தான் உதவியது.

1975ல் அமெரிக்காவின் ஜாக் லீபர்மேன் ஒரு கட்டுரை போட்டார். ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள ஏ.சி.ஈ. என்சைம், இந்த நோயாளிகள் ரத்தத்துல அதிகமா இருக்கு. ஸ்டீராய்டு எடுத்தா குறையுது. எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு ஊசி ரத்தத்துல எதிர்காலம்!

ஆனா அந்த என்சைமைச் சுரப்பதே கிரானுலோமா செல்கள்தான். அதாவது இன்னைக்கு எவ்வளவு முடிச்சு இருக்குன்னுதான் அது சொல்லும். சர்வர்ல இப்போ லோடு எவ்வளவுன்னு காட்டுற மீட்டர்கிட்ட போய், அடுத்த வருஷம் படுத்துக்குமான்னு கேட்டா எப்படி? போதாக்குறைக்கு 1990ல் இன்னொரு குண்டு. ஆரோக்கியமானவர்களுக்கே இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறுது, அதில் கிட்டத்தட்ட பாதி வித்தியாசம் ஒரு ஜீன் வேறுபாட்டால் வருதுன்னு பிரான்ஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. பிரஷர் மாத்திரைகளில் ஒரு வகையும் இந்த என்சைமை அடக்கிடும். அப்புறம் வந்த இன்டர்லூகின்-2 ஏற்பி, கைட்டோட்ரியோசிடேஸ் எல்லாம் கொஞ்சம் கூர்மையான மீட்டர்கள், அவ்வளவுதான்.

நிஜமா ஜோசியம் சொன்னது வேற ஒண்ணு. கணுக்கால் வலி, காலில் சிவப்புத் தடிப்போடு திடீர்னு ஆரம்பிக்கிற லோஃப்கிரன் வகை நோயாளிகளை ஸ்வீடன்காரங்க வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தாங்க. 2009ல் வெளியான முடிவு: டி.ஆர்.3 திசு வகை உள்ளவர்களில் சுமார் 95 சதவீதம் பேருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள குணம். இல்லாதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்.

அது அளவு இல்லை, பிறவியிலேயே வந்த அடையாளம். அதுவும் இந்த ஒரு வகைக்குத்தான் இவ்வளவு தெளிவா சொல்லுது. மத்தவங்களுக்கு இன்னைக்கும் எக்ஸ்ரே, மூச்சு சோதனை, பொறுமை. அதனால, ஏ.சி.ஈ. ரிப்போர்ட்ல ஒரு எண்ணைப் பார்த்து பயப்படவும் வேணாம், நிம்மதியாகவும் வேணாம் மக்களே.