குடும்பம் நடத்தும் முதியோர் இல்லங்கள்: பினாங்கில் பெற்றோரைச் சேர்க்கும் முன்

பினாங்குத் தீவில் கிரீன் லேன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் வட்டாரத் தாமான்களில் சில தரை வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் இரண்டு சக்கர நாற்காலிகள், கொடியில் ஒரே நிறப் போர்வைகள், வேலியில் 'புசாட் ஜாகாஆன்' என்று ஒரு சிறு பலகை. உள்ளே பத்துப் பதினைந்து முதியோர் இருப்பார்கள். கணவனும் மனைவியும் இல்லத்தை நடத்துவார்கள். மகளோ மருமகளோ மருந்துக் கணக்கைப் பார்ப்பார். இரண்டு மூன்று பணியாளர்கள் குளிப்பாட்டுவது, ஊட்டுவது போன்ற வேலைகளைச் செய்வார்கள். பல இடங்களில் நடத்தும் குடும்பமும் அதே வீட்டு மாடியில்தான் குடியிருக்கும். ஆங்கிலத்தில் 'அசிஸ்டெட் லிவிங்' என்று சொல்லப்படுவது நம் ஊரில் பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கிறது. முழுநேர மருத்துவம் தேவைப்படாத, ஆனால் தனியாக விடவும் முடியாத முதியவருக்கு உணவு, குளியல், மருந்து, இரவுத் துணை ஆகியவற்றைத் தரும் இடம் அது.

நம்மவர்களுக்கு இது புதிய தேவை. தோட்டத்தில் இருந்தவரை வயதான தாத்தா பாட்டியைப் பார்த்துக்கொள்ள லயத்தில் யாராவது இருந்தார்கள். பால்மரம் வெட்டப் போனவர் வரும்வரை பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாய் கஞ்சி கொடுப்பார். ஆனால் லயத்து வீடு வேலையோடு வந்தது. ஓய்வு பெற்றதும் பலர் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. 1972இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கிய பின் செபராங் பிறைத் தோட்டங்களின் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குத் தீவுக்கு வந்தார்கள். பத்து காவானில் கரும்பும் ரப்பரும் செம்பனையும் இருந்த நிலத்தில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது; 2014இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கேதான் கரையேறுகிறது. அந்தப் பிள்ளைகளின் வீடு இப்போது அடுக்குமாடியில் இரண்டு மூன்று அறைகள். கணவன், மனைவி இருவருக்கும் வேலை, அதில் ஒருவருக்கு ஷிப்ட். பக்கவாதம் வந்த அம்மாவைப் பகலில் யார் பார்ப்பது?

வயதான தொழிலாளியை யார் பார்ப்பது என்ற கேள்வியும் பழையதுதான். தென்னிந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவர பிரிட்டிஷ் காலத்தில் உருவான குடியேற்ற நிதி, 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. உழைத்து ஓய்ந்தவர்களுக்கான உதவியும் அதன் நோக்கங்களில் ஒன்று. 1999இல் அந்த வாரியம் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்பும் சொத்தும் மனிதவள அமைச்சிடம் போயின. அதன் பிறகு தோட்டத்து முதியவருக்கென்று தனி அமைப்பு இல்லை.

அரசு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். சமூக நல இலாகா நடத்தும் 'ருமா ஸ்ரீ கெனாஙான்' இல்லங்கள் உண்டு. நமக்கு அருகில் இருப்பவை கெடா பீடோங்கிலும் பேராக் தைப்பிங்கிலும் உள்ளவை. ஆனால் அவை 60 வயதைத் தாண்டிய, ஆதரவற்ற, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய, தொற்று நோய் இல்லாத முதியோருக்கானவை. படுத்த படுக்கையான ஆதரவற்றோருக்கு இருப்பது 'ருமா ஏசான்'. கோல கூபு பாருவிலும் டுங்குனிலும் உள்ளது. பிள்ளைகள் இருந்து, அவர்களால் பார்க்க முடியாமல் போனவருக்கு இவற்றில் இடம் கிடைப்பது அரிது. தொண்டு இல்லங்களில், பத்து லஞ்சாங்கில் கன்னியர் நடத்தும் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் இல்லத்தைப் பினாங்கு மக்கள் நன்கு அறிவார்கள். 1839இல் பிரான்சில் ஜான் ஜுகான் தொடங்கிய சபையின் இல்லம் அது. நன்கொடையில் நடக்கிறது, ஏழை முதியோருக்கே முன்னுரிமை. ஆக நடுத்தரக் குடும்பத்துக்கு மிஞ்சுவது தாமான் வீட்டு இல்லம்தான்.

சட்டத்தைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் அதிகம். 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையங்கள் சட்டப்படி, கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்க வைத்துப் பராமரிக்கும் இடம் சமூக நல இலாகாவில் பதிந்தாக வேண்டும். பதிவு கிடைக்க தீயணைப்பு மீட்புத் துறை, மாவட்ட சுகாதார அலுவலகம், ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் ஆதரவு தேவை. தீவில் அது பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம். குடியிருப்பு வீட்டை மையமாக மாற்றவும் மன்ற அனுமதி வேண்டும். அண்டை வீட்டார் ஆட்சேபித்தால் அங்கேயே சிக்கல் தொடங்கிவிடும். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய சில குடும்பங்கள் பதிவு இல்லாமலே காலத்தை ஓட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் காரணம் புரிகிறது என்பதற்காக அங்கே அம்மாவை விட்டுவிட முடியாது. அவசர வழி இல்லாத மாடியில், இரும்புக் கம்பி போட்ட அறையில் தீப்பிடித்தால் நல்ல எண்ணம் உதவாது.

நர்சிங் ஹோம் என்பது வேறு. அதற்கு 1998ஆம் ஆண்டு தனியார் மருத்துவ வசதிகள் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும், பதிவு பெற்ற தாதியர் இருக்க வேண்டும். மூக்குக் குழாய் வழி உணவு, ஆழமான படுக்கைப் புண், தொண்டைத் துளை என்றால் தேட வேண்டியது அந்த வகை இடத்தை. நடைமுறையில் சாதாரண இல்லங்களும் படுக்கையாளிகளை ஏற்கின்றன. இந்த இடைவெளியை நிரப்பத்தான் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டம் 2018இல் அரசிதழில் வெளியிடப்பட்டது.

குடும்பம் நடத்தும் இல்லத்தின் பலம், முகம் மாறாமல் இருப்பது. காலையில் பசியாற வைக்கும் அதே அக்காதான் இரவில் விளக்கணைப்பார். ஞாபக மறதி நோய் உள்ளவருக்கு இது மருந்துக்குச் சமம். பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நடத்தும் அம்மாவுக்கே உடம்பு முடியாமல் போனால்? குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால்? அன்று இரவு யார் பொறுப்பு என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கட்டணம் பொதுவாக மாதம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 3,500 ரிங்கிட் வரை போகிறது. தனியறை, படுக்கையாளி என்றால் இன்னும் கூடும். பேம்பர்ஸ், பால்மாவு, உடற்பயிற்சி சிகிச்சை, கிளினிக் போக்குவரத்து ஆகியவை பெரும்பாலும் தனிக் கணக்கு. முதல் மாத பில்லைக் கண்டு அண்ணன் தம்பிக்குள் சண்டை வருவது இதனால்தான். முன்பணம் எவ்வளவு, அப்பா பாதி மாதத்தில் இறந்துவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான். கேட்காமல் பின்னால் வருந்துவது அதைவிடச் சங்கடம். வருமான வரி செலுத்துபவர், மருத்துவர் சான்று இருந்தால், பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு 8,000 ரிங்கிட் வரை கழிவு கோரலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லாமல் மாலை ஐந்து, ஆறு மணிக்குப் போங்கள். காலை நேரத்தில் எல்லா இல்லமும் சுத்தமாக இருக்கும். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா, அதில் அனுமதித்த எண்ணிக்கையும் உள்ளே இருக்கும் கட்டில்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கழிவறையில் பிடிமானக் கம்பி வேண்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். குறிப்பேடு இருந்தால் காட்டுவார்கள். யாரையாவது நாற்காலியில் துணியால் கட்டி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். மூத்தவர்கள் பணியாளரைப் பார்த்துப் பேசுகிறார்களா, பார்த்ததும் அடங்கிப் போகிறார்களா என்பது பல சான்றிதழ்களைவிட அதிகம் சொல்லும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது மொழி. மறதி முற்றும்போது பின்னால் கற்ற மலாயும் ஆங்கிலமும் முதலில் மங்கும். தோட்டத்தில் பேசிய தமிழ்தான் கடைசிவரை நிற்கும். வலிக்கிறது, ஒன்றுக்கு வருகிறது என்று பாட்டி தமிழில் சொல்வதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லாவிட்டால், அவர் 'தொந்தரவு செய்கிறார்' என்று குறிப்பேட்டில் எழுதப்படுவார். தமிழ் தெரியாத இல்லம் என்றால் பத்துப் பதினைந்து சொற்களை மலாய் அர்த்தத்தோடு எழுதிக் கட்டில் அருகே ஒட்டி வையுங்கள். மாட்டிறைச்சி சேர்க்காத தனிச் சட்டி உண்டா, சைவ நாள்களில் என்ன தருவார்கள், காலமானால் சடங்குக்கு யாரை அழைப்பார்கள் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் இல்லத்திடம் ஒப்படைக்காதீர்கள். அடையாள அட்டையின் நகல் போதும்; மருத்துவமனைக்கு அசல் தேவைப்பட்டால் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

இல்லம் மட்டுமே வழி என்றும் இல்லை. பகலில் மட்டும் துணை தேவையென்றால், நடமாட முடிந்தவர்களுக்குச் சமூக நல இலாகாவின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. தனியாக வாழ்பவருக்குத் தொண்டர்கள் வீட்டுக்கே வந்து உதவும் திட்டமும் உண்டு. படுக்கையாளிகளுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்குகளின் வீட்டுப் பராமரிப்புக் குழு வந்து குடும்பத்தாருக்குப் பயிற்சி தருகிறது. மருத்துவமனையிலிருந்து வெளியாகும் முன்பே வார்டில் இதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வாழும் வசதி குறைந்த முதியோருக்கான மாதாந்திர உதவித் தொகை 2025 பட்ஜெட்டில் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. விண்ணப்பம் மாவட்ட சமூக நல அலுவலகத்தில்.

சேர்த்த பின் முதல் மாதம் வாரம் இரண்டு முறையாவது போங்கள், வேறு வேறு நேரத்தில். உடலில் விளக்கமில்லாத கன்றல், திடீர் எடைக் குறைவு, காரணமில்லாத தூக்கக் கலக்கம் தெரிந்தால் நடத்துநரிடம் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ 15999 என்ற தாலியான் காசே எண்ணிலோ புகார் செய்யலாம். அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.