கிரைட்டனின் ‘நெக்ஸ்ட்’ புதினமும் மூர் வழக்கும்

மரபணுப் பொறியியலின் அறச்சிக்கல்களைக் கதைப்பொருளாக்கிய அமெரிக்க விறுவிறுப்புப் புதினங்களுள் மைக்கேல் கிரைட்டனின் ‘நெக்ஸ்ட்’ (2006) தனித்து நோக்கத்தக்கது. மனித மரபணு கலந்த குரங்கு, உரையாடும் கிளி என வியப்புகள் அதில் பல உண்டு. எனினும் அதன் மையக்கதை நீதிமன்ற ஆவணங்களிலிருந்து எழுந்ததாகும்.

ஜான் மூர் என்பவர் 1976இல் அரியவகை இரத்தப் புற்றுநோய்க்காகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய மண்ணீரல் அகற்றப்பட்டது. அதன்பின்னும் 1983 வரை சியாட்டிலிலிருந்து வந்து இரத்தமும் பிற மாதிரிகளும் அளித்து வந்தார். அவருடைய உயிரணுக்களிலிருந்து உருவாக்கப்பட்ட உயிரணுத் தொடருக்கு 1984இல் பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றது. இதிலிருந்த வணிக நோக்கம் தமக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது மூரின் வழக்கு. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1990இல் இருவகையாகத் தீர்ப்பளித்தது. மருத்துவர் தம் ஆய்வு நலனையும் பொருள் நலனையும் நோயாளியிடம் வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். ஆனால் அகற்றப்பட்ட உயிரணுக்களின்மீது நோயாளிக்கு உடைமையுரிமை இல்லை. அவ்வுரிமையை ஏற்பின் மருத்துவ ஆய்வு முடங்கும் என்ற அச்சமே இரண்டாம் முடிவுக்கு முதன்மைக் காரணமாயிற்று.

புதினத்தின் ஃபிராங்க் பர்னெட் மூரின் சாயலில் அமைந்தவர். அவரும் வழக்கில் தோற்கிறார். கிரைட்டனின் கற்பனை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. நிறுவனத்திடமிருந்த உயிரணுக்கள் கெட்டுப்போகவே, அதே உயிரணுக்களைச் சுமக்கும் அவர் மகளையும் பேரனையும் பிடித்துவரக் கூலியாள் ஏவப்படுகிறான். மூர் வழக்கு பேசியதோ உடலைவிட்டு நீங்கிய உயிரணுக்களைப் பற்றி மட்டுமே. புதினம் அதனை உயிருள்ள உடலுக்கு நீட்டுகிறது. துரத்தலின் வேகத்தில் வாசகர் இத்தாவலைக் கவனிப்பதில்லை. சட்ட வாதமாக இது வலுவற்றது. ஆயினும் தீர்ப்பொன்றின் தருக்கம் எங்குச் சென்று முடியக்கூடும் என்பதைக் காட்டும் உத்தியாக வலிமையுடையது.

புதினத்தின் பின்னுரையில் மரபணுக் காப்புரிமையை ஒழிக்க வேண்டும் எனக் கிரைட்டன் வாதிட்டார். 2007 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிலும் அதனையே வலியுறுத்தினார். அம்மாதமே அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் இந்நோக்குடைய மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது, சட்டமாகவில்லை. கிரைட்டன் 2008இல் மறைந்தார். மிரியட் வழக்கில் 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையான மரபணுவைப் பிரித்தெடுப்பது மட்டுமே காப்புரிமைக்குத் தகுதியாகாது என்று ஒருமனதாகக் கூறியது. ஆய்வகத்தில் ஆக்கப்படும் சிடிஎன்ஏவுக்கு அத்தகுதியை மறுக்கவில்லை. இயற்கைப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்னும் பழைய கோட்பாடே இதற்கு அடிப்படை. எனவே இதனைப் புதினத்தின் வெற்றியாகக் கொள்வது மிகைக்கூற்றாகும்.

மரபணுக் காப்புரிமை, உடற்பொருளின் உடைமை ஆகிய இரண்டும் வெவ்வேறு வினாக்கள். புதினம் இவற்றை ஒன்றாகக் குழைத்துவிட்டது. மிரியட் தீர்ப்பு முதல் வினாவிற்கே விடை தந்தது. புதினத்தில் இறுதித் தீர்ப்பு பர்னெட்டின் மகள் பக்கம் அமைகிறது. நடைமுறையிலோ, அது வெளிவந்த மறு ஆண்டிலேயே, வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்கும் கேட்டலோனா என்னும் மருத்துவருக்கும் இடையிலான வழக்கில், ஆய்வுக்கென நோயாளிகள் அளித்த திசுக்கள் பல்கலைக்கழகத்திற்கே உரியன என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது.