வழக்கமாக வசிக்காத குடியிருப்பாளர்

வழக்கமாக வசிக்காத குடியிருப்பாளர் என்பது இந்திய வருமான வரிச் சட்டத்தில் உள்ள ஒரு வகைப்பாடு ஆகும். வெளிநாட்டில் நீண்டகாலம் பணியாற்றித் தாயகம் திரும்புவோருக்கு இது பெரிதும் பொருந்தும். 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இவ்வகைப்பாடு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது.

தகுதி

பொதுவாக ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் தங்கியவர் குடியிருப்பாளர் ஆவார். அவர்,

* முந்தைய 10 ஆண்டுகளுள் 9 ஆண்டுகள் குடியிருப்பாளர் அல்லாதவராக இருந்தாலோ,
* முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மிகாமல் இந்தியாவில் தங்கியிருந்தாலோ

இவ்வகையில் அடங்குவார்.

வரி விதிப்பு

* இந்தியாவில் ஈட்டிய அல்லது பெற்ற வருமானத்திற்கு வரி உண்டு.
* வெளிநாட்டில் ஈட்டி அங்கேயே பெறும் வட்டி, பங்காதாயம், வாடகை ஆகியவற்றிற்கு வரி இல்லை.
* இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தப்படும் வணிகத்தின் வெளிநாட்டு ஆதாயத்திற்கு வரி உண்டு.

எடுத்துக்காட்டு

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள பட்டு நெசவு நகரமான ஆரணியைச் சேர்ந்த ஒருவர், துபாயில் 12 ஆண்டுகள் பணிபுரிந்து ஊர் திரும்புவதாகக் கொள்வோம். துபாய் வங்கி வைப்பின் வட்டிக்கு அவர் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் இந்தியாவில் வரி செலுத்த வேண்டியதில்லை. ஆனால் துபாயில் உள்ள தமது பட்டுப்புடவைக் கடையை ஆரணியிலிருந்தே நிர்வகித்தால், அதன் ஆதாயம் வரிக்கு உட்படும்.

சலுகைக் காலத்திற்குப் பின்

இத்தகுதி நீங்கியதும் உலகளாவிய வருமானம் முழுவதும் வரிக்கு உட்படுகிறது. துபாயில் தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் இந்திய வரியிலிருந்து விலக்குக் கிடைக்காது. வெளிநாட்டுச் சொத்துகளையும் வருமான வரி அறிக்கையில் காட்ட வேண்டும். தவறினால், 2015 ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்படலாம்.