திரைக்குப் பெயர் சொன்ன கதை

கணினி ஆய்வகத்தின் வரலாற்றை எழுதச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நிறம்தான்.

லினக்ஸ் சர்வர் ஒன்றை மாடியில் வைத்து, கீழே இருந்த கணினிகளிலிருந்து புட்டி என்ற டெர்மினல் நிரல் வழியாக அதற்குள் நுழைந்து சி மொழி கற்பித்த காலம் அது. முக்கியச் சொற்களை விம் என்ற எடிட்டர் நிறம் பிரித்துக் காட்டினால், பிழை தேடும் பிள்ளைக்குப் பாதிப் பாரம் குறையும். ஒரு கணினியில் காட்டும், பக்கத்துக் கணினியில் காட்டாது. "அண்ணாச்சி, இதுல மட்டும் கலர் வரமாட்டேங்கு" என்று ஆய்வக உதவியாளரைக் கூப்பிடாத வகுப்பே இல்லை.

நிரலுக்குத் திரையைப் பார்க்கக் கண் கிடையாது. 'டெர்ம்' என்ற மாறியில் என்ன பெயர் இருக்கிறதோ, அதை டெர்மின்ஃபோ பட்டியலில் தேடி, அங்கே சொன்னதை அப்படியே நம்பும். சில கணினிகளில் யாரோ விடி100 என்று எழுதி வைத்திருந்தார்கள். 1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட அந்த டெர்மினலுக்கு நிறமே கிடையாது. 'எக்ஸ்டெர்ம்' என்றால் 8 நிறம். 'எக்ஸ்டெர்ம்-256கலர்' என்றால் அடிப்படை 16, சிவப்பு பச்சை நீலத்தை ஆறாறு படியாகக் கலந்த 216, சாம்பல் 24. புட்டிக்கு 256-உம் காட்டத் தெரியும். ஆனால் நாமாக மாற்றாதவரை தன்னை 'எக்ஸ்டெர்ம்' என்றே சொல்லிக்கொள்ளும்.

இதைப் புரிந்துகொண்ட உற்சாகத்தில் ஒரு தவறும் செய்தோம். உள்ளே நுழைந்ததும் ஓடும் பாஷ்ஆர்சி கோப்பில் எல்லோருக்கும் 256கலர் பெயரை எழுதிவிட்டோம். சர்வரின் சொந்தத் திரையில் உட்கார்ந்தால் எஃப்1 முதலான விசைகள் தாறுமாறாயின. ஒரே திரையைப் பல டெர்மினலாகப் பிரிக்கும் டிமக்ஸுக்குள் நுழைந்தவர்களுக்கும் திரை கலைந்தது. அதற்குள் 'டிமக்ஸ்-256கலர்' என்று இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அந்த வரியை எல்லாக் கோப்புகளிலிருந்தும் எடுத்தோம். எந்த டெர்மினலோ, அதன் அமைப்பிலேயே அதன் பெயரைச் சொல்வது என்ற வழக்கம் அன்று வந்ததுதான்.

புரொஜெக்டரில் இன்னொரு தொல்லை. கோப்புறைப் பெயர்கள் கறுப்பின் மேல் கருநீலமாக வரும். பின் வரிசைக்கு எதுவுமே தெரியாது. புட்டியின் நிறப் பக்கத்தில் அந்த நீலத்தை வெளிறச் செய்தவர் அண்ணாச்சிதான்.

2011-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோடு வந்த கணினிகளில் பிள்ளைகள் வீட்டிலேயே டெர்மினலைத் திறந்தார்கள். "வீட்டுல நல்லா வருது சார், இங்க வந்தா மங்குது" என்ற கேள்வி அதன்பிறகுதான் எழுந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேலான நிறம் காட்டும் டெர்மினல்கள் 'கலர்டெர்ம்' என்ற இன்னொரு மாறியில் அதைச் சொல்லும். சர்வரோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் 'டெர்ம்' பெயரைச் சுமந்து வரும்; நாம் சொல்லாவிட்டால் 'கலர்டெர்ம்' வீட்டிலேயே நின்றுவிடும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி நெல்லை வண்ணாரப்பேட்டைக்குள்ளும் ஜங்ஷனுக்குள்ளும் புகுந்தது. நம் கீழ்த்தளக் கணினிகள் நனைந்தன. மாடி சர்வர் தப்பியது. பிள்ளைகள் விண்டோஸ் டெர்மினல், பழைய மடிக்கணினி, கைபேசியில் டெர்மக்ஸ் என்று கிடைத்ததிலிருந்தெல்லாம் உள்ளே வந்தார்கள். கோப்பு எதையும் நாங்கள் தொடவில்லை. வண்ணாரப்பேட்டைப் பெண் ஒருத்தி கைபேசியில் எத்தனை நிறம் என்று கேட்கும் 'டிபுட் கலர்ஸ்' கட்டளையை அடித்து, விடையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்: 256.