பிராங்கிய மொழி

பிராங்கிய மொழி, ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த பிராங்கியர் பேசி வழக்கொழிந்த மேற்கு ஜெர்மானிய மொழி. 5ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசின் பிடி தளர்ந்தபோது இவர்கள் இன்றைய பிரான்சுக்குள் பரவினர். 511இல் இவர்களின் மன்னன் குளோவிஸ் இறப்பதற்குள் அதன் பெரும்பகுதி இவர்கள் வசமாயிற்று. நாட்டின் பெயரே இவர்களால் வந்தது. அதே பெயர் அரபு, பாரசீகம் வழியாகத் திரிந்து தமிழில் 'பறங்கி' ஆனது.

ஆண்டவர்களின் மொழி நிலைக்கவில்லை என்பதே இதன் வரலாற்றில் வியப்புக்குரியது. பிராங்கியர் எண்ணிக்கையில் குறைந்தவர்கள்; சட்டத்துக்கும் சமயத்துக்கும் இலத்தீனையே ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய சாலிக் சட்டத்தொகுப்பும் இலத்தீனில்தான் இருக்கிறது. அதனூடே வரும் சில பிராங்கியச் சொற்கள் 'மால்பெர்க் குறிப்புகள்' எனப்படும். பொருள் அறியாமல் படியெடுத்தவர்கள் அவற்றைப் பெரிதும் சிதைத்துவிட்டனர். 813இல் தூர் நகரில் கூடிய ஆயர்கள், மறையுரையை மக்களின் ரோமானியப் பேச்சிலோ ஜெர்மானியப் பேச்சிலோ ஆற்றும்படி பணித்தனர். அதன்பின் மேற்கே இம்மொழி மறைந்தது. ரைன் கழிமுகப் பக்கத்தில் அதன் கிளை டச்சு மொழியாக வளர்ந்தது.

பிரெஞ்சில் அது விட்டுச்சென்றவை ஏராளம். போர், தோட்டம், நீலம், வெறுப்பு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அங்கிருந்தே வந்தன. குதிரைப் பணியாளனைக் குறித்த சொல் 'மார்ஷல்' என்னும் படைப்பதவியாக உயர்ந்தது. கோடரியைக் குறிக்கும் 'ஆஷ்' என்ற சொல்லின் முதலில் இருந்த ஹகரம் இன்று ஒலிப்பதில்லை. ஆனாலும் முன்வரும் சுட்டிடைச்சொல்லான 'லா' அதனோடு புணர்வதில்லை. ஒலி போனபின்னும் அதன் தடை நிற்கிறது.

இம்மொழியின் வகரத்தைக் காத்தவை வட பிரான்சு, பெல்ஜியம் ஆகியவற்றின் வட்டார மொழிகளே. 'வார்தோன்' (காத்தல்) பாரிசு பிரெஞ்சில் 'கார்தே' ஆனது. அதன் ககரம் 'தங்கம்' என்பதில் ஒலிப்பது போன்றது. பிக்கார்டு மொழியிலோ அது 'வார்தே'. வாலோன் மொழியும் வட நார்மன் பேச்சும் வகரத்தை விடவில்லை. 1066க்குப் பின் நார்மானியர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதால்தான் ஆங்கிலத்தில் 'வார்டன்', 'கார்டியன்' இரண்டும் உள்ளன.

இந்த வட்டார மொழிகளைக் கொச்சைப் பிரெஞ்சு என்று கருதுவது தவறு. இவையும் பிரெஞ்சைப் போலவே இலத்தீனிலிருந்து நேராக வந்தவை. பெல்ஜியத்தின் பிரெஞ்சுச் சமூக அரசு 1990இல் வாலோன், பிக்கார்டு மொழிகளை வட்டார மொழிகளாக ஏற்றது. பிரான்சு 2008இல் வட்டார மொழிகளை நாட்டின் மரபுச் செல்வம் என அரசியலமைப்பில் சேர்த்தது. ஆயினும் யுனெஸ்கோ பட்டியலில் பிக்கார்டு கடும் அழிவு நிலையில் உள்ளது. வீட்டில் குழந்தைகளோடு அதைப் பேசுவோர் அருகிவிட்டனர்.