குளித்தலைக்காரரும் கொல்லிமலைக் கிழங்கும்

கொல்லிமலை மேலே ஆகாய கங்கையாக விழும் அய்யாறு, துறையூர்ப் பக்கத்துப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. அந்த மலைக்குச் சென்றவர்கள் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பை அறிவார்கள். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணி ஒன்றின், ஆட்டுக்கால் போல் ரோமம் படர்ந்த கிழங்கு அது. மூட்டுவலிக்கு என்று குடிப்பது பழைய வழக்கம். அண்மைக்காலத்தில் மூலிகை எதுவானாலும் 'ஃப்ளேவனாய்டு உள்ளது, இரத்தக்குழாய்க்கு நல்லது' என்று ஒரு விஞ்ஞானப் பட்டயமும் சேர்த்துக் கட்டப்படுகிறது. அந்தப் பட்டயத்தின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம்.

அவ்வரலாற்றில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். டி.ஆர். சேஷாத்ரி, அன்றைய திருச்சி ஜில்லாவின் குளித்தலையில் 1900-இல் பிறந்தவர். மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் பயின்று திரும்பி, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் 1949 முதல் டெல்லியிலும் பணியாற்றினார். பருத்திப் பூவின் மஞ்சள் நிறம் போன்ற எளிய பொருள்களிலிருந்து ஃப்ளேவனாய்டுகளைப் பிரித்து, அவற்றின் அமைப்பை நிறுவுவதே அவர் வாழ்நாள் உழைப்பு. 1960-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1975-இல் மறைந்தார்.

இப்பொருள்களை இரத்தக்குழாயோடு முதலில் இணைத்தவர்களுள் முக்கியமானவர் ஹங்கேரியின் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி. எலுமிச்சைச் சாற்றிலும் மிளகாயிலும் இருந்த ஃப்ளேவனாய்டுகள் நுண்ணிய தந்துகிகளின் கசிவைக் குறைக்கின்றன என்று 1936-இல் அறிவித்து, 'வைட்டமின் பி' (ஆங்கில அகர வரிசையின் பதினாறாம் எழுத்து) எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டே அவர் நோபல் பரிசு பெற்றார். ஆயினும் இது வைட்டமின் என்பது நிரூபணமாகவில்லை. 1950-இல் அப்பெயர் கைவிடப்பட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு கதை மீண்டும் உயிர்பெற்றது. நெதர்லாந்தின் சட்ஃபன் நகரில் 65 முதல் 84 வயது வரையிலான 805 ஆண்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்தார்கள். தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக ஃப்ளேவனாய்டுகளை மிகுதியாக உண்டவர்களிடையே இதயத் தமனி நோயால் நேர்ந்த மரணங்கள் குறைவு என்று 1993-இல் வெளியிட்டார்கள். ஆனால் 1997-இல் வேல்ஸின் கேர்ஃபில்லியில் அத்தகைய பயன் தென்படவில்லை. ஒரு பானத்தைக் குடிப்பவரின் தொழில், புகைப்பழக்கம், வருமானம் எல்லாம் அந்தக் கோப்பையோடு சேர்ந்தே வருகின்றன. கவனித்துப் பார்ப்பதால் மட்டும் அவற்றைப் பிரித்தறிவது கடினம்.

ஆகவே குலுக்கல் முறைச் சோதனை தேவைப்பட்டது. 2022-இல் வெளியான காஸ்மாஸ் ஆய்வில் அமெரிக்க முதியோர் 21,442 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் கோகோச் சாற்றிலிருந்து நாள்தோறும் 500 மில்லிகிராம் ஃப்ளேவனால்களும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. இதயநோய் நிகழ்வுகள் மொத்தத்தில் 10 சதவிகிதம் குறைந்தன. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவே. இதயநோய் மரணங்கள் 27 சதவிகிதம் குறைந்தன. ஆனால் அது ஆய்வின் முதன்மைக் கேள்வியன்று. சாக்லேட் நிறுவனம் ஒன்று செலவில் பங்கேற்றதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

முடவாட்டுக்காலுக்கு வருவோம். அதிலிருந்து நரின்ஜின் என்ற ஃப்ளேவனாய்டைப் பிரித்திருக்கிறார்கள். பம்பளிமாஸின் கசப்பும் அதுதான். ஒரு பொருள் இருப்பதைக் காண்பது, அதன் அமைப்பை நிறுவுவது, மனித உடலில் அது பயன் தருவதை மெய்ப்பிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். சேஷாத்ரியின் மரபு முதல் இரண்டையும் அப்பழுக்கின்றிச் செய்தது. மூன்றாவது, கோகோவுக்கே அரைகுறையாகத்தான் முடிந்திருக்கிறது.

சுவைக்காகவும் மலைக்காற்றின் குளிருக்காகவும் அந்த சூப்பைக் குடிப்பதில் தவறில்லை. அதை நம்பி மருத்துவர் தந்த இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துபவருக்குத்தான் ஆபத்து. கிழங்குக்காகப் பாறையோடு பெயர்க்கப்படும் பெரணிக்கும் ஆபத்துதான்; அது மீண்டும் வளர ஆண்டுகள் ஆகும்.