ஏர்போர்ட்டில் இருந்து செங்கல்பட்டு போகணுமா? ரோட்டை தாண்டினாலே மின்சார ரெயில்!

சென்னை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் "எங்க சார் போகணும்?" என்று டாக்சிக்காரர்கள் சூழ்ந்து கொள்வார்கள். வெளிநாட்டில் உழைத்து சேர்த்த காசில் ஒரு பகுதி இங்கேயே கரைந்து விடும்.

செங்கல்பட்டு சுமார் 40 கி.மீ. தூரம். விமான நிலையத்துக்கு எதிரே, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மறுபக்கம் திரிசூலம் ரெயில் நிலையம் உள்ளது. சுரங்கப்பாதை வழியாக நடந்தே போய்விடலாம். பல மின்சார ரெயில்கள் தாம்பரத்தோடு நின்று விடும். செங்கல்பட்டு ரெயிலா என்று கேட்டு ஏறணும். காலை, மாலை வேலை நேரத்தில் கூட்டம் நெரியும். பெரிய பெட்டிகளோடு ஏறுவது கஷ்டம்.

மெட்ரோ ரெயில் நகருக்குள் போகத்தான். செங்கல்பட்டு பக்கம் கிடையாது.

திருச்சி, மதுரை, நெல்லை போகிறவர்கள் பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்கு போய் அலைய வேண்டாம். 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு தென்மாவட்ட அரசு பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. செங்கல்பட்டு போகும் வழியிலேயே, வண்டலூரை அடுத்து இருக்கிறது.

நடுராத்திரி இறங்கினால் மின்சார ரெயில் இருக்காது. விடியும் வரை உள்ளேயே காத்திருக்கலாம். அவசரம் என்றால் பிரிபெய்டு டாக்சி கவுண்ட்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்க. ரசீது இல்லாமல் யார் வண்டியிலும் ஏறாதீங்க.